யார் கையில் நம் டோக்கன்?



ரயில் நிலையத்துச் சைக்கிள் ஸ்டாண்டை ஆவடியில் வாழும் நாம் யாவரும் அறிவோம். காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க ஓடும் நம் தந்தையர் அங்கே வண்டியை விடுகின்றனர். ஸ்டாண்டுக்காரர் எண் எழுதிய அட்டை ஒன்றை வண்டியில் மாட்டுகிறார். அதே எண்ணுள்ள மற்றோர் அட்டையைக் கையில் கொடுக்கிறார். மாலையில் திரும்பி வரும்போது அவர் பெயரையும் கேட்பதில்லை, ஊரையும் கேட்பதில்லை. டோக்கனைப் பார்க்கிறார், வண்டியைத் தருகிறார். இணையதளங்கள் நமக்குத் தரும் ‘குக்கீ’ என்பதும் இத்தகைய ஒரு டோக்கனே ஆகும். நாம் தின்னும் பிஸ்கட்டுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே ஒற்றுமை!

இதைப் பற்றி எழுத நாங்கள் முன்வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, சென்ற ஆண்டு ஒரு நாள் மாலை, தன் தந்தையின் கைப்பேசியில் கணக்குப் பாடத்திற்கு விடை தேடிக்கொண்டிருந்தாள். கணக்கின் பக்கத்திலேயே புற்றுநோய் மருத்துவமனையின் விளம்பரம் ஒன்று வந்தது. வேறு பக்கத்தைத் திறந்தாள். அங்கும் அதே போன்ற விளம்பரம். ‘இது ஏன் நம் வீட்டுக் கைப்பேசியில் வருகிறது?’ என்று எண்ணியவள் அன்னையின் முகத்தைப் பார்த்தாள். அன்னையால் மறைக்க இயலவில்லை. மகளின் தேர்வு முடிந்த பிறகு மெல்லச் சொல்லலாம் என்று பெற்றோர் இருவரும் காத்திருந்த செய்தியை ஒரு விளம்பரம் முந்திக்கொண்டு சொல்லிவிட்டது. சிகிச்சை பெற்ற அந்த அன்னை, இறைவன் அருளால் இன்று நலமாக இருக்கிறார். அவர்கள் இருவரின் சம்மதத்தோடுதான் இதை இங்கே எழுதுகிறோம்.

அந்த விளம்பரத்திற்கு வீட்டு ரகசியத்தைச் சொன்னது யார்? இக்கேள்விக்கு விடை தேடி நாங்கள் கற்றவற்றையே இங்கு எழுதியுள்ளோம்.

குக்கீ பிறந்த கதை

இணையதளம் ஒன்றை இயக்கும் கம்ப்யூட்டருக்கு இயல்பிலேயே ஞாபகமறதி அதிகம். நாம் ஒரு பக்கத்தைக் கேட்டால் அனுப்பும். அத்துடன் நம்மை மறந்துவிடும். அடுத்த பக்கத்தைக் கேட்கும்போது நாம் அதற்குப் புதிய ஆளே. இப்படி இருந்தால் கடையில் பொருள் வாங்குவது எவ்வாறு? கூடையில் போட்ட பொருள், பணம் கட்டுமிடத்திற்குப் போவதற்குள் காணாமற் போய்விடுமே!

இக்குறையைத் தீர்க்க, அமெரிக்காவின் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மாண்டுல்லி என்பவர் 1994-ஆம் ஆண்டில் ஒரு வழி கண்டார். இணையதளம் ஒரு சிறு குறிப்பை நம் உலாவிக்கு, அதாவது பிரவுசருக்கு அனுப்பும். உலாவி அதைப் பத்திரமாக வைத்திருந்து, மறுமுறை அதே தளத்திற்குச் செல்லும்போது திருப்பிக் காட்டும். ‘ஓ, சற்று முன் வந்தவரா!’ என்று தளம் அறிந்துகொள்ளும். ஒரு குக்கீயின் அளவு சுமார் 4,096 எழுத்துகளுக்கு மேல் போகாது. அதில் பெரும்பாலும் நம் பெயர் இராது. ஒரு நீண்ட எண்தான் இருக்கும்.

ரயில்வேயின் இணையதளத்தில் டிக்கெட் எடுக்கும்போது ரயிலைத் தேர்ந்தெடுக்க ஒரு பக்கம், பயணியின் பெயருக்கு ஒரு பக்கம், பணம் கட்ட ஒரு பக்கம் என்று மாறிச் செல்கிறோம். எல்லாவற்றிலும் இருப்பவர் ஒருவரே என்று தளம் அறிவதற்கு இத்தகைய டோக்கனே துணை. ஆகவே குக்கீ என்றாலே கெட்டது என்று எண்ணுதல் தவறாகும்.

இதில் இரு வகை உண்டு. உலாவியை மூடியதும் மறைந்துவிடுவது ஒரு வகை. இது பிளாட்பாரம் டிக்கெட் போன்றது. பல நாள் தங்குவது மற்றொரு வகை. இது சீசன் டிக்கெட் போன்றது. குரோம் உலாவியில் இவ்வகைக் குக்கீ அதிகபட்சம் 400 நாள் வரை தங்கலாம்.

பிரவுசிங் சென்டரில் விண்ணப்பம் நிரப்பச் செல்லும் அக்காமார்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வேலை முடிந்ததும் ‘லாக் அவுட்’ செய்யாமல் எழுந்து வந்தால், நம் டோக்கன் அந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிடலாம். அடுத்து அமர்பவர் நம் கணக்கிற்குள் எளிதாக நுழைந்துவிடுவார்.

மூன்றாம் ஆள்

அப்படியானால் தீங்கு எங்கே தொடங்குகிறது? சைக்கிள் ஸ்டாண்டுக்கே மீண்டும் வருவோம். ஒருவர் மார்க்கெட்டிலும், மருந்துக் கடையிலும், நூலகத்திலும், டாக்டர் வீட்டு வாசலிலும் தம் ஆள் ஒருவரை நோட்டுப் புத்தகத்துடன் நிறுத்துவதாக வைத்துக்கொள்வோம். எங்கு சென்றாலும் நம் டோக்கனின் எண்ணை அவர்கள் குறித்துக்கொள்கின்றனர். மாலையில் எல்லா நோட்டுகளையும் ஒன்றாக வைத்துப் படித்தால் என்ன ஆகும்? பெயர் தெரியாவிட்டாலும் நம் பசி, நோய், ஆசை, கவலை யாவும் தெரிந்துவிடும் அல்லவா?

‘மூன்றாம் தரப்புக் குக்கீ’ என்பது இதுவே. நாம் திறக்கும் பக்கத்தில் வேறொரு விளம்பர நிறுவனத்தின் படமும் இருக்கும். அப்படத்தைக் கொண்டுவர உலாவி அந்நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குச் செல்லும். அங்கும் ஒரு டோக்கன் கிடைக்கும். மருத்துவமனைப் பக்கத்திலும், பின்னர் கணக்குப் பாடப் பக்கத்திலும் அதே நிறுவனத்தின் விளம்பரம் இருந்தால், ஒரே டோக்கனை இரண்டு இடத்திலும் அது பார்க்கிறது. தோழியின் தந்தை இரவில் கவலையோடு மருத்துவமனைகளைத் தேடினார். மாலையில் மகள் கணக்கைத் தேடினாள். கைப்பேசி ஒன்று, டோக்கனும் ஒன்று. தேடியவர் தந்தையா மகளா என்பது விளம்பரத்திற்குத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் அதற்கு இல்லை.

இதைத் தடுக்கச் சில உலாவிகள் முன்வந்தன. ஆப்பிளின் சஃபாரி 2020-இல் மூன்றாம் தரப்புக் குக்கீகளை முழுவதும் தடுத்தது. கூகுள் நிறுவனமும் அதே 2020-இல் குரோமிலிருந்து அவற்றை நீக்கப் போவதாக அறிவித்தது. ஆனால் 2024-இல் அத்திட்டத்தைக் கைவிட்டது.

குக்கீயைத் தவிர வேறு வழிகளும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளியளவு படத்தைப் பக்கத்தில் வைத்து, அது திறக்கப்பட்டதா என்று அறிவது ஒரு வழி. திரையின் அளவு, எழுத்து வகை, மொழி முதலியவற்றைச் சேர்த்துப் பார்த்து, கைரேகை போல நம் கருவியை அடையாளம் காண்பது மற்றொரு வழி. ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் விளம்பரத்திற்கென்றே தனி எண் ஒன்றும் உண்டு. செயலிகள் இதனைப் பயன்படுத்துகின்றன.

நம் பாடப்புத்தகத்திலும்

இதெல்லாம் எங்கோ அயல்நாட்டுச் செய்தி என்று எண்ண வேண்டாம். 2018-இல் தமிழகத்தில் வந்த புதிய பாடப்புத்தகங்களில் கறுப்புக் கட்டங்கள் கொண்ட கியூ.ஆர். குறியீடுகள் அச்சிடப்பட்டன. மத்திய அரசின் ‘தீக்ஷா’ செயலியைக் கொண்டு அவற்றைப் படம் பிடித்தால் பாட வீடியோக்கள் கிடைக்கும். கொரோனாக் காலத்தில் பள்ளி மூடியிருந்தபோது நாட்டின் எத்தனையோ பிள்ளைகளுக்கு இச்செயலி உதவியது.

ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்னும் உலக அமைப்பு, 49 நாடுகளில் அக்காலத்தில் பயன்பட்ட 160-க்கும் மேற்பட்ட கல்விச் செயலிகளையும் தளங்களையும் ஆராய்ந்து 2022 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் 89 விழுக்காடு பிள்ளைகளின் உரிமைக்கு ஊறு விளைவிப்பவை அல்லது விளைவிக்கக் கூடியவை என்று அது கூறியது. தீக்ஷாவும் அதில் இடம்பெற்றது. பிள்ளைகள் இருக்கும் இடத்தைத் துல்லியமாக அறியும் வசதி அதில் இருந்தது என்றும், கைப்பேசியின் விளம்பர எண் கூகுளுக்குச் சென்றது என்றும் அவ்வறிக்கை எழுதியது. பாடம் படிக்க வந்த பிள்ளைக்கு விளம்பர எண் எதற்கு? இக்கேள்வியைக் கேட்க நமக்கு உரிமை உண்டு.

சட்டம் என்ன சொல்கிறது?

தனியுரிமை என்பது அடிப்படை உரிமையே என்று நம் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். அதன் பின்னர் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அச்சட்டத்தின்படி 18 வயது நிறையாத யாவரும் குழந்தைகளே. குழந்தைகளைப் பின்தொடர்தல், அவர்கள் நடத்தையைக் கண்காணித்தல், அவர்களைக் குறிவைத்து விளம்பரம் செய்தல் ஆகியவற்றை 9-ஆம் பிரிவு தடுக்கிறது. மீறினால் 200 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். சில விலக்குகளும் உண்டு. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளிவந்தன. இப்பிரிவு அதிலிருந்து 18 மாதம் கழித்து நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டது.

ஐரோப்பாவில் தேவையற்ற குக்கீகளுக்கு முன்கூட்டியே நம் சம்மதம் கேட்க வேண்டும். ‘ஏற்கிறேன்’ என்பதை ஒரே தொடுதலில் வைத்துவிட்டு, ‘மறுக்கிறேன்’ என்பதைப் பல படிகளுக்குள் ஒளித்து வைத்தால்? அதற்காகவே பிரான்சு நாட்டின் தனியுரிமை ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் விதித்ததாக 2022 ஜனவரியில் அறிவித்தது.

நாம் செய்யத் தக்கவை

சட்டம் வரும் வரை கைகட்டி இருக்க வேண்டியதில்லை.

1. குக்கீ பற்றிக் கேட்கும் பெட்டி வந்தால், அவசரத்தில் ‘அனைத்தையும் ஏற்கிறேன்’ என்பதைத் தொடாமல், தேவையானவற்றை மட்டும் ஏற்போம்.

2. உலாவியின் அமைப்புகளில் மூன்றாம் தரப்புக் குக்கீகளைத் தடுத்து வைப்போம். பழைய குக்கீகளை அவ்வப்போது அழிப்போம்.

3. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகளில் விளம்பரங்கள் என்னும் பகுதிக்குச் சென்று விளம்பர எண்ணை நீக்குவோம்.

4. பாடச் செயலிக்கோ விளையாட்டுச் செயலிக்கோ நாம் இருக்கும் இடம் தெரிய வேண்டியதில்லை. அந்த அனுமதியை மறுப்போம்.

5. வீட்டில் ஒரே கைப்பேசி இருந்தால், பெற்றோர் தங்கள் சொந்தக் காரியங்களை ‘இன்காக்னிட்டோ’ பக்கத்தில் தேடுவது நல்லது. அதை மூடியதும் அதில் சேர்ந்த குக்கீகள் அழிந்துவிடும். ஆயினும் அது நம்மை முற்றிலும் மறைக்கும் மாயப் போர்வை அன்று.

முடிவாக ஒன்று. சைக்கிள் ஸ்டாண்டுக்காரர் மாலையில் வண்டியைக் கொடுத்ததும் டோக்கனைத் திருப்பி வாங்கிக்கொள்கிறார். அவர் வேலை அத்துடன் முடிந்தது. நாம் எங்கே சென்றோம், யாரைப் பார்த்தோம் என்று அவர் கேட்டதே இல்லை. இணையதளங்களிடம் நாம் எதிர்பார்ப்பதும் அந்த நேர்மையைத்தான். எங்கள் தோழி அன்று அறிந்த செய்தி என்றோ ஒரு நாள் அறிய வேண்டியதே. ஆனால் அதை அன்னை தன் வாயால், அவளை அருகில் அமர்த்தி, கைகளைப் பற்றிக்கொண்டு சொல்லியிருக்க வேண்டும். அந்த உரிமையை ஓர் அன்னையிடமிருந்து பறிக்க எந்த விளம்பரத்திற்கும் அதிகாரம் இல்லை.

ஆகவே தோழியரே, டோக்கனை நீட்டுமுன் ஒரு கணம் நின்று, வாங்குபவர் யார் என்று பார்ப்போமாக!

– பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி