பருப்பு வேகும் தண்ணீர்

குடிதண்ணீரின் தரத்தை அறிவதற்கு நம் இல்லங்களில் பரம்பரையாக இரண்டு பரீட்சைகள் உண்டு. பருப்பு சீக்கிரம் வேக வேண்டும். சோப்பு நன்றாக நுரைக்க வேண்டும். இரண்டிலும் தேறிய கிணற்றை 'நல்ல தண்ணீர்க் கிணறு' என்று ஊரார் கொண்டாடுவார்கள். ஆனால் சேலம், நாமக்கல் சமவெளிகளில் சில இடங்களில், இப்பரீட்சைகளில் தேறிய ஜலமே குழந்தைகளின் பற்களைக் கெடுப்பதும் உண்டு என்றால் நேயர்கள் வியப்படையக்கூடும். காரணத்தை அறிய, ஓர் அழகிய கல்லின் அமைப்பை நாம் சற்று ஆராய வேண்டும்.

அக்கல்லுக்குப் புளோரைட் என்று பெயர். ஊதா, பச்சை, மஞ்சள் எனப் பல நிறங்களில் பளிங்குபோல் விளங்கும். ரஸாயன சாஸ்திரப்படி அது கால்சியம் என்னும் உலோகமும் புளோரினும் கூடிய கால்சியம் புளோரைடு. இக்கூட்டிலிருந்து பிரியாத புளோரினைத் தனிப்படுத்த முயன்று உயிர் துறந்த விஞ்ஞானிகளும் உண்டு. 1886-ல் பிரெஞ்சுக்காரரான ஹென்றி மொய்ஸான் அதில் வெற்றி கண்டார். 1906-ல் நோபல் பரிசும் பெற்றார்.

இக்கல்லுக்குள் ஒவ்வொரு கால்சியம் அணுவையும், ஒரு பெட்டியின் எட்டு மூலைகளிலும் காவலர் நிற்பதுபோல, எட்டுப் புளோரைடு அணுக்கள் சூழ்ந்திருக்கின்றன. ஒவ்வொரு புளோரைடையும் நான்கு கால்சியம் அணுக்கள் பற்றியிருக்கின்றன. இந்தக் கட்டு மிக உறுதியானது. ஒரு லிட்டர் ஜலத்தில் சமையல் உப்பு 350 கிராமுக்கு மேல் கரையும். இக்கல்லோ சுமார் 16 மில்லிகிராம்தான் கரையும்.

ஜலத்தில் கால்சியம் மிகுந்திருந்தால் அவ்வளவுகூடக் கரையாது. அதிகப்படியான புளோரைடைக் கால்சியம் பிடித்து மீண்டும் கல்லாக்கிவிடும். ஆனால் வறண்ட இச்சமவெளிகளில், பாறையிடுக்குகளில் நெடுங்காலம் தங்கும் ஜலத்தில் சோடா உப்பு மிகுகிறது. கால்சியமோ சுண்ணாம்புக் கற்களாகப் படிந்து விலகிவிடுகிறது. பிடித்து நிறுத்துவாரின்றிப் புளோரைடு ஜலத்தில் ஏறுகிறது. கால்சியம் குறைந்த ஜலத்தில்தான் பருப்பு நன்றாக வேகும், சோப்பு நுரைக்கும்! புளோரைடுக்கோ நிறமில்லை, மணமில்லை, ருசியுமில்லை.

ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குள் புளோரைடு இருப்பது நலம். வேறு வழியில்லாவிடில் 1.5 வரை ஏற்கலாம் என்பது இந்திய நிர்ணயம். இதற்கு மிஞ்சிய ஜலத்தைத் தொடர்ந்து பருகும் குழந்தைகளின் பற்களில் முதலில் வெண்திட்டுகளும், பின்னர் பழுப்புக் கறையும் தோன்றுகின்றன. பல் ஈறுக்குள் உருவாகும் பருவத்திலேயே நேரும் குறையாதலால், எத்தனை துலக்கினாலும் போகாது. அப்பிள்ளைகள் வகுப்பில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை நம் போன்ற உபாத்தியாயர்கள் அறிவோம். பல் துலக்காத சோம்பேறிகள் என்று அவர்களைக் கடிந்துகொள்வது எத்தனை அநியாயம்!

அளவு இன்னும் மிகுந்தால் எலும்புகளும் கெட்டு முதுகு விறைத்துவிடும். அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்த நெல்லூர் ஜில்லாவில் இந்நோய் பரவியிருந்ததை ஷார்ட், பண்டிட், ராகவாச்சாரி ஆகிய மூவரும் 1937-ல் எழுதி வெளியிட்டனர். அண்டையிலுள்ள தருமபுரி, கிருஷ்ணகிரி ஜில்லாக்களுக்குக் காவேரி ஜலத்தைக் கொண்டு செல்லும் ஒகேனக்கல் திட்டம் இத்தீங்கைப் போக்குவதற்கென்றே வகுக்கப்பட்டு, 2013-ல் தொடங்கி வைக்கப்பட்டது.

காய்ச்சுவதால் புளோரைடு போகாது. ஜலம் ஆவியாகிக் குறைய, அதன் செறிவு கூடும். படிகாரமும் சுண்ணாம்பும் தக்க அளவில் கலந்து தெளியவைக்கும் நல்கொண்டா முறை ஒன்று உண்டு. அதனை வல்லுநர் மேற்பார்வையில் செய்வதே உத்தமம். சுத்தமாகச் சேமித்த மழைநீரும், குழாயில் வரும் ஆற்று நீரும் நல்ல மாற்று. எல்லாவற்றுக்கும் முன்னதாக, எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீட்டார், தம் கிணற்று ஜலத்தில் ஒரு புட்டி எடுத்துக் குடிநீர் வடிகால் வாரியத்தின் பரிசோதனைச் சாலைக்கு அனுப்பிப் பார்க்கட்டும். பருப்புச் சட்டி சொல்லாததை அது சொல்லிவிடும்.