முகவரியில் ஏறாத பக்கம்

பெண்ணாடத்திலிருந்து சென்னைக்கு இரயில் தேடும் மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்வோம். ஊர், தேதி, வகுப்பு எல்லாம் குறித்துப் பட்டியலை வரவழைத்துவிட்டாள். உலாவியின் மேலே தெரியும் முகவரியைப் படியெடுத்துச் சென்னையிலுள்ள அண்ணனுக்கு அனுப்புகிறாள். அண்ணன் திறந்தால் வெறும் படிவம்தான் வருகிறது! பட்டியல் எங்கே போயிற்று?

அது அவளுடைய கைப்பேசியின் நினைவகத்தில் மட்டுமே இருந்தது. முகவரியில் ஏறவே இல்லை.

வலைப்பக்கங்களைக் கொண்டுவந்து தரும் எச்.டி.டி.பி. என்னும் விதிமுறை ஒரு மறதிக்காரக் குமாஸ்தா. கேட்டதைக் கொடுத்ததும் கேட்டவரை மறந்துவிடும். ஏராளமானவருக்கு ஒரே வழங்கி விடையளிக்க இம்மறதி வசதியே. மறதியை ஈடுகட்ட 1994-இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டுல்லி 'குக்கி' என்னும் குறிப்புச் சீட்டை அமைத்தார். ஆனால் அச்சீட்டு அவரவர் உலாவியிலேயே தங்கிவிடும். அண்ணனுக்குப் போய்ச் சேராது.

ஆகவே பகிரவேண்டிய விவரம் முகவரியிலேயே இருக்கவேண்டும். முகவரியில் கேள்விக்குறிக்குப் பின் புறப்படும் ஊர், சேரும் ஊர், தேதி என எழுதிவிட்டால், யார் திறந்தாலும் அதே தேடல் மீண்டும் நடைபெறும். 'நாளை' என்று எழுதிவைத்தால் வம்பு. மறுநாள் திறப்பவருக்கு வேறு பட்டியல் வரும்.

தமிழில் ஊர்ப்பெயரை எழுதலாமா? எழுதலாம். பெண்ணாடம் நம் கண்ணுக்கு ஐந்தெழுத்து. யூனிகோடில் ஒற்றுப்புள்ளி, துணைக்கால் முதலியன தனித்தனிக் குறிகள் ஆதலால் ஒன்பது. யூ.டி.எஃப்-8 முறையில் குறிக்கு மூன்று பைட்டுகள் வீதம் 27. ஒவ்வொரு பைட்டும் முகவரியில் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எழுத்துகளுமாக மாறுவதால் மொத்தம் 81! தமிழ் விக்கிப்பீடியா முகவரியைப் படியெடுத்தவர்கள் இந்த நீண்ட வாலைக் கண்டிருப்பார்கள். அஞ்ச வேண்டாம், பொருள் மாறாது.

முன்பெல்லாம் முகவரியை மாற்றினால் பக்கம் முழுவதும் புதிதாக இறங்கும். இதைத் தவிர்க்க, வழங்கிக்கு அனுப்பப்படாத 'ஹேஷ்' குறிக்குப் பின்னால் விவரத்தை ஒளித்துவைத்தனர். 2014-இல் தரமாக ஏற்கப்பட்ட எச்.டி.எம்.எல்.5, பக்கத்தை அசைக்காமலே முகவரியை மாற்ற இருவழி தந்தது. 'புஷ்ஸ்டேட்' உலாவியின் வரலாற்றில் புதிய பதிவைச் சேர்க்கும். 'ரீப்ளேஸ்ஸ்டேட்' இருக்கும் பதிவையே திருத்தும். எழுத்துக்கு எழுத்து புதிய பதிவு சேர்த்தால், பின்செல்லும் பொத்தானை அழுத்தி அழுத்தியே விரல் தேயும்! தேடல் முடிந்தபின் ஒரு பதிவு போதும்.

எல்லாவற்றையும் முகவரியில் ஏற்றிவிடவும் கூடாது. உள்நுழைவு அடையாள எண் அங்கே இருந்தால், முகவரியைப் பெற்றவர் அனுப்பியவராகவே உள்ளே புகுந்துவிடக் கூடும். முகவரியோ உலாவியின் வரலாற்றிலும் வழங்கியின் பதிவேட்டிலும் தங்குவது. ஊரும் தேதியும் அங்கே இருக்கட்டும். கடவுச்சொல்லும் அடையாள எண்ணும் வேண்டாம்.

நீங்கள் ஒரு பக்கம் அமைத்தால், அதன் முகவரியைக் குக்கிகள் இல்லாத தனிச் சாளரத்தில் ஒருமுறை திறந்து பாருங்கள். அண்ணனுக்குத் தெரியப்போவது அதுதான்.