கதிர்வீச்சும் இதயமும்: மருந்து காக்குமா?

மார்பகப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுக்கும் வீடுகளில், ‘இதயம் கெடாம இருக்க மருந்து உண்டா?’ என்று கேட்கிறார்கள். 1957இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கோபால்ட் கருவி வந்த நாளிலிருந்து நம்மவர்க்குக் கதிர் சிகிச்சை பழக்கம்தான். ஆனாலும் இக்கேள்விக்குத் தெளிவான விடை பலருக்குத் தெரியவில்லை.

இதயம் மார்புக்கூட்டின் இடப்பக்கம் சாய்ந்திருப்பதால், இடது மார்பில் விழும் கதிரில் ஒரு பங்கு அதையும் தொடும். ரத்தக்குழாய்களின் உள்தோல் புண்பட்டு, அழற்சி உண்டாகி, நாளடைவில் குழாய் சுருங்கும், தசையும் விறைக்கும். சுவீடன், டென்மார்க் நாடுகளில் 2,168 பெண்களை ஆராய்ந்து 2013இல் வெளியான ஆய்வு, இதயம் சராசரியாக வாங்கும் ஒவ்வொரு கிரே அளவுக்கும் மாரடைப்பு போன்றவை 7.4 விழுக்காடு கூடுவதாகச் சொன்னது. வியாபாரக் கணக்கில் சொன்னால், ஆயிரத்தில் 50 பேருக்கு வரக்கூடியது, ஒரு கிரேக்கு 53 அல்லது 54 பேராகும். இந்தக் கூடுதல் முதல் ஐந்தாண்டுக்குள்ளேயே தொடங்கி, இருபது ஆண்டு கடந்தும் நீடிக்கிறது.

இனி மருந்துக்கு வருவோம். அமெரிக்க ராணுவ ஆராய்ச்சியில் பிறந்த அமிஃபோஸ்டின், கதிரால் வாய் வறளுவதைக் குறைக்க 1999இல் அங்கு அனுமதி பெற்றது, இதயத்துக்கு அல்ல. வாந்தி, ரத்த அழுத்தச் சரிவு என்று தொல்லைகளும் உண்டு. டெக்ஸ்ராசாக்சேன் சில புற்றுநோய் ஊசிகளின் கேட்டிலிருந்து இதயத்தைக் காப்பது, கதிருக்கானது அல்ல. கேப்டோப்ரில் எலிகளிடம் பலன் காட்டியது. ஸ்டாட்டின் மாத்திரையையும் ஆராய்கிறார்கள். ஆனால் கதிரிலிருந்து இதயத்தைக் காக்கவென்றே அங்கீகாரம் பெற்ற மருந்து இன்றுவரை கிடையாது.

‘அப்போ மஞ்சள்?’ என்பீர்கள். மட்டாஞ்சேரியில் மஞ்சள் விற்கிற நானே சொல்கிறேன்: குழம்பில் போடுங்கள், தடையில்லை. மாத்திரையாக அடைத்த மஞ்சள் சத்தை மருத்துவரைக் கேட்காமல் சிகிச்சை நாட்களில் விழுங்காதீர்கள். கதிர் பெரும்பாலும் உடலின் நீரில் தனி அணுக்கூறுகளை உண்டாக்கித்தான் புற்றணுவைக் கொல்கிறது. அவற்றை அடக்கும் பொருள், நல்ல அணுவோடு புற்றணுவையும் காத்துவிடலாம்.

பின் எதுதான் காக்கும்? மூச்சை ஆழ இழுத்து நிறுத்திக் கதிர் வாங்கும் முறை இருக்கிறது. நுரையீரல் விரிந்து, இதயம் மார்புச்சுவரை விட்டு விலகும். மருந்தில்லை, ஊசியில்லை, மூச்சுதான் மருந்து. திருவனந்தபுரம் போனாலும் சென்னை போனாலும், கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: இதயத்துக்குச் சராசரி எத்தனை கிரே விழும்? மூச்சு நிறுத்தும் முறை இங்கே உண்டா, இவருக்கு ஒத்துவருமா? பிறகு இதயத்தை எப்போது பரிசோதிக்க வேண்டும்? ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு மூன்றையும் அடக்கி வையுங்கள். வீட்டு ஆண்கள் புகையை விடட்டும்.

ஒன்று முக்கியம். இதைப் படித்துவிட்டுப் பயந்து யாரும் சிகிச்சையைப் பாதியில் நிறுத்திவிடக் கூடாது. பெரும்பாலோர்க்குக் கதிரால் வரும் நன்மை, இதயத்துக்கு வரும் கேட்டைவிட மிகப் பெரிது. சமணர் சொல்லும் நான்கு தானங்களில் அவுடத தானமும் ஒன்று; மருந்தைப் பற்றிய சரியான செய்தியை நாலு வீட்டுக்குச் சொல்வதும் அதில் சேரும் என்பது என் எண்ணம்.