விண்ணப்பத்தின் முகப்புக் கடிதம்

நேரிற் சென்று பேச இயலாத இடத்திலே நமக்காகச் சென்று பேசுவது கடிதம். ஆதலின் அதுவும் ஒருவகைத் தூதேயாம். சொல்ல வேண்டியவற்றைத் தொகுத்துச் சொல்லுதலும், கேட்போர்க்கு ஒவ்வாதனவற்றை நீக்குதலும் தூதுவனின் கடனென்று திருவள்ளுவர் வற்புறுத்தினார். அரசரின் தூதர்க்கு உரைத்த அவ்விலக்கணம், இன்று தொழில் வேண்டி விண்ணப்பம் விடுக்கும் இளைஞரின் கடிதத்துக்கும் பொருந்துவதாகும்.

சான்றிதழ்களைப் போற்றிச் சேர்த்து வைக்கும் மாணவர் பலர், அவற்றின் முன்னே செல்லும் ஒரு பக்கக் கடிதத்தைப் பொருட்படுத்துவதில்லை. நண்பன் எழுதியதைப் பார்த்துப் பெயரை மாத்திரம் மாற்றுவோரும், கணினி ஆக்கித்தரும் கடிதத்தை வாசித்தும் பாராது கையொப்பமிடுவோரும் உளர். ஒரே வாசகங்களைத் தாங்கிய பத்துக் கடிதங்கள் ஒரு மேசையை அடையுமாயின், வாசிப்பவர் அப்பத்துப் பேரையும் ஒருவராகவே எண்ணுவார். பெறுபேறுகள் ஒத்திருக்கும் இருவருள் ஒருவரையே நேர்முகப் பரீட்சைக்கு அழைக்க வேண்டிய வேளையில், அவரை வேறுபடுத்திக் காட்டவல்லது அக்கடிதமே.

கணித மேதை இராமானுசன் எழுதிய இரு கடிதங்களை ஈண்டு எடுத்துக்காட்டுதல் தகும். 1912ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அவர் சென்னைத் துறைமுகக் கந்தோருக்கு இலிகிதர் பதவி வேண்டி விண்ணப்பித்தார். தாம் மெற்றிக்குலேசன் பரீட்சையிற் சித்தியெய்தியதையும், எப்.ஏ. வகுப்பு வரை கற்றதையும், இடையூறுகளால் மேற்படிப்பைத் தொடர இயலாது போனதையும் சுருங்கக் கூறினார். பின்னர்த் தம் காலத்தைக் கணிதத்திலேயே செலவிட்டு வருவதைக் குறிப்பிட்டு, பதவி கிடைப்பின் கடமையைச் செவ்வனே ஆற்ற முடியுமென்னும் உறுதியையும் தெரிவித்தார். சென்னை மாநிலக் கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ற் அளித்த நற்சான்றும் அவருக்குத் துணைநின்றது. அவ்வாண்டு மார்ச்சு முதலாந் திகதி, மாதம் 30 ரூபா சம்பளத்தில் அவர் பதவியேற்றார்.

அடுத்த ஆண்டு சனவரியில் கேம்பிறிட்ஜ் பேரறிஞர் ஹார்டிக்கு அவரே மற்றொரு கடிதம் எழுதினார். ஆண்டுக்கு 20 பவுண் மாத்திரம் பெறும் துறைமுக இலிகிதர் எனத் தம்மை அறிமுகஞ் செய்து, தாம் கண்ட தேற்றங்கள் பலவற்றை உடனிணைத்தார். துறைமுகத்தார்க்கு எழுதியபோது தேற்றம் எதனையும் எழுதினாரல்லர். எழுதியவர் ஒருவரே, பெறுவோரின் தேவை வேறாதலின் கடிதமும் வேறாயிற்று. கல்வி இடைநின்றதை அவர் மறைத்திலர். அதனை விரித்து இரக்கம் வேண்டியதும் இலர். நம் மாணவர் கற்க வேண்டிய பாடம் இதுவே: உம்மைப் பற்றி நீர் சொல்ல விரும்புவது அனைத்தையும் எழுதற்க, பெறுபவர் உம்மிடம் அறிய வேண்டியதை மெய்யாக எழுதுக.

கடிதம் எழுதப் புகுமுன் விளம்பரத்தை இருமுறை வாசித்தல் வேண்டும். முதற் பந்தியில், எந்தப் பதவி, அவ்விளம்பரம் எங்கே, எத்திகதியில் வெளிவந்தது என்பன அமையட்டும். இரண்டாம் பந்தியில், அப்பதவிக்கு வேண்டிய தகைமைகளுள் உம்மிடம் உள்ள இரண்டையோ மூன்றையோ சான்றோடு காட்டுக. "யான் கடின உழைப்பாளி" என்று எழுதுவதினும், "பாடசாலைக் கூட்டுறவுச் சங்கத்தின் கணக்கை இரண்டாண்டுகள் எழுதினேன்" என்று எழுதுவது வலிமையுடையது. மூன்றாம் பந்தியில், இணைத்துள்ள பிரதிகளைக் குறிப்பிட்டு, அழைப்பின் நேரில் வரச் சித்தமாயிருத்தலைத் தெரிவித்து, நன்றியுடன் முடிக்க. ஒரு பக்கத்தின் மேற் செல்ல வேண்டா. வறுமை இழிவன்று, ஆயினும் அதனைக் காட்டிப் பதவி கேட்பது, உமது திறமையை நீரே பின்தள்ளுவதாகும்.

அனுப்பும் முறையிலும் கவனம் வேண்டும். வர்த்தமானியில் வரும் அரச பதவிகளுக்குப் பெரும்பாலும் மாதிரிப் படிவம் தரப்பட்டிருக்கும். அதில் ஒரு கூட்டையும் மாற்றலாகாது. பதிவுத் தபாலில் அனுப்புமாறும், உறையின் இடதுபக்க மேல் மூலையிற் பதவியின் பெயரை எழுதுமாறும் அறிவித்தல் பணிக்குமாயின் அவ்வாறே செய்க. முடிவுத் திகதிக்கு முன் கடிதம் சென்று சேர்தல் வேண்டும்; அன்று தபாலிற் சேர்த்தல் போதாது. மூலச் சான்றிதழ்களை அனுப்பாது பிரதிகளையே அனுப்புக. மின்னஞ்சலாயின், பொருள் வரியிற் பதவியின் பெயரும், இணைக்கும் கோப்பின் தலைப்பில் உமது பெயரும் இருத்தல் நன்று. விளையாட்டாகச் சூட்டிக்கொண்ட மின்னஞ்சல் முகவரியை இதற்குப் பயன்படுத்தற்க. அனுப்பியதன் பிரதியொன்றைத் திகதியுடன் பேணி வைத்தல், நேர்முகப் பரீட்சைக்குப் பேருதவியாகும்.

விடை வாராவிடின் சோர்வுறல் வேண்டா. ஹார்டிக்கு எழுதுமுன் இராமானுசன் கேம்பிறிட்ஜ் அறிஞர் வேறு இருவர்க்கும் எழுதினார். அவற்றாற் பயன் விளைந்திலது. ஹார்டியோ வந்த கடிதத்தைக் கருத்தூன்றி வாசித்தார். அவ்வாசிப்பினாலன்றோ ஓர் இலிகிதரின் பெயரை உலகம் அறிந்தது!

பழைய மாணவர்களாகிய அன்பர்களே, உங்களிற் பலர் இன்று விண்ணப்பங்களை வாசிக்கும் ஆசனங்களில் அமர்ந்துள்ளீர்கள். எம் மாணவர்க்குச் சலுகை செய்யுமாறு வேண்டுகின்றோமல்லோம். ஆண்டில் ஒருநாள் கல்லூரிக்கு வந்து, உயர்தர வகுப்பு மாணவர் எழுதும் கடிதங்களை வாசித்துத் திருத்தித் தருவீர்களாயின், அதுவே இவ்விழா ஆண்டில் நீங்கள் அன்னைக் கல்லூரிக்கு ஆற்றும் சிறந்த தொண்டாகும்.