கணினிக்குள் ஒரு பேஸ் கிடார்

ஒரு பாட்டைக் கேட்கும்போது குரலையும் வயலினையும் புல்லாங்குழலையும் உடனே அடையாளம் கண்டுகொள்கிறோம். அடியில் ஓடும் பேஸ் கிடாரைப் பலர் கவனிப்பதில்லை. ஆனால் அதை எடுத்துவிட்டால் பாட்டு அஸ்திவாரம் இல்லாத வீடாகிவிடும். இளையராஜாவின் பாடல்களை நல்ல ஸ்பீக்கரில் கேட்டுப் பாருங்கள். பேஸ் கிடார் தாளத்துக்குத் துணை நிற்பதோடு, தனக்கென்று ஒரு மெட்டையும் பாடிக்கொண்டு போகும்.

நம் சங்க விழாக்களில் பிள்ளைகளின் நடனத்துக்கு வீட்டுக் கணினியில் இசை சேர்த்துக் கொடுப்பவன் நான். "பேஸ் யார் வாசித்தது?" என்று கேட்கும் அன்பர்களுக்கும், "பையன் ஏதோ மென்பொருள் கேட்கிறான், வாங்கித் தரலாமா?" என்று கேட்கும் பெற்றோருக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன்.

அமெரிக்காவில் லியோ ஃபெண்டரின் நிறுவனம் 1951-இல் வெளியிட்ட 'பிரிசிஷன் பேஸ்'தான் பெருமளவில் விற்பனையான முதல் எலக்ட்ரிக் பேஸ் கிடார். நான்கு தந்திகள். மிகத் தடித்த தந்தி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். ஆள்காட்டி விரலாலும் நடுவிரலாலும் மாறி மாறி மீட்டுவது பொதுவான வழக்கம். மோட்டவுன் பாடல்களுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் ஆள்காட்டி விரல் ஒன்றையே பயன்படுத்தினார். ஆக, ஒலியின் குணத்தை விரலும் தீர்மானிக்கிறது.

சாம்பிள் என்பது அந்த விரல் எழுப்பிய ஒலியின் பதிவு. 20 கட்டைகள் உள்ள கிடாரில், வெறும் தந்தியையும் சேர்த்து, தந்திக்கு 21 இடங்கள். நான்கு தந்திகளுக்கு 84. ஒரே சுரம் பல இடங்களில் கிடைக்கும். ஆனால் தடித்த தந்தியில் அது கனமாகவும் மெல்லிய தந்தியில் தெளிவாகவும் ஒலிக்கும். எனவே எல்லா இடங்களும் வேண்டும். மெதுவாக, அழுத்தமாக என்று நான்கு நிலைகள், ஒவ்வொன்றும் நான்கு தடவை என்று வைத்தால் 1,344 பதிவுகள். இரு விரல்களுக்கும் தனித்தனியே எடுத்தால் 2,688.

ஒன்றையே ஏன் நான்கு தடவை பதிய வேண்டும்? மனிதன் இரண்டு முறை அச்சாக ஒரே மாதிரி மீட்டுவதில்லை. ஒரே பதிவு திரும்பத் திரும்ப வந்தால் இயந்திரத் துப்பாக்கி சுடுவது போல் கேட்கும். பதிவுகளைச் சுழற்சி முறையில் மாற்றி ஒலிக்கச் செய்தால் அந்தக் குறை மறைகிறது. தந்தியில் விரல் வழுக்கும் சத்தம், இடது கை தந்தியை அமுக்கியிருக்க வலது கை மீட்டும் 'டக்' என்ற சுரமில்லா ஒலி, சுரம் முடியும்போது விரல் எழும் ஓசை ஆகியவற்றையும் பதிந்து வைக்கிறார்கள்.

இத்தனை இருந்தும் கீபோர்டில் வாசித்தால் பொய்யாகக் கேட்பது ஏன்? வாசிப்பவர் பியானோ போல் நினைப்பதால்தான். பேஸ் பெரும்பாலும் ஒற்றைக் குரல். ஒரு சுரம் முடிந்தே அடுத்தது வர வேண்டும். அழுத்தத்தைக் குறிக்கும் மிடி எண் 127 வரை போகும். எல்லாச் சுரத்தையும் உச்சத்தில் வைத்தால் உயிர் இருக்காது. கையால் எட்ட முடியாத தாவல்களைத் தவிர்க்க வேண்டும். டிரம்ஸின் கால் அடியோடு பேஸ் இணைய வேண்டும். சுரத்தை எங்கே தொடங்குகிறோம் என்பதைப் போலவே எங்கே நிறுத்துகிறோம் என்பதும் முக்கியம்.

முடித்த பின் சிறிய ஸ்பீக்கரிலும் கேட்டுப் பாருங்கள். அடி அதிர்வை அது தராது. மேலே எழும் துணை அதிர்வுகளைக் கொண்டே காது சுரத்தை ஊகிக்கும். அவை மங்கினால் பேஸ் காணாமல் போய்விடும்.

இது கலைஞர்களின் பிழைப்பைக் கெடுக்காதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். கலைஞர் கிடைக்காத இடத்தில் இது கைகொடுக்கிறது. ஆனால் விழாச் செலவில் ஒருவரை அழைக்க வழியிருந்தால் அவரையே அழைக்க வேண்டும் என்பது என் கருத்து. அந்தப் பதிவுகளும் யாரோ ஒரு கலைஞர் நாள்கணக்கில் உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தவைதானே! ஆகவே திருட்டுப் பிரதி வேண்டாம். இலவசமாகவே தரப்படும் சாம்பிள் தொகுப்புகளும் உண்டு.

பெற்றோருக்கு என் யோசனை: மென்பொருள் வாங்குமுன், யாரிடமாவது இரவல் பெற்றாவது, ஒரு நிஜ பேஸ் கிடாரைப் பிள்ளையின் கையில் ஒரு மாதம் கொடுங்கள். விரல் நுனி வலித்தவனுக்குத்தான் கணினியில் எந்தச் சுரத்தை எப்படி வைப்பது என்று தெரியும்.