வாசிக்கத் தெரியாத வாக்குமூலத்தில் ஒரு கையெழுத்து

நல்லூரில் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஒரு அம்மாவின் சங்கிலியை மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள் அறுத்துக்கொண்டு போனார்கள். முறைப்பாடு கொடுக்க அவருடன் பொலிஸ் நிலையமொன்றுக்கு நானும் போனேன். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் நீதிமன்றத்துக்குப் போயிருந்தார். இரண்டு மணிநேரம் காத்திருந்தோம். பிறகு கடமையில் இருந்தவர் அரைகுறைத் தமிழில் கேட்டு, சிங்களத்தில் எழுதினார். அம்மா கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும், "இதில என்ன எழுதியிருக்கு பிள்ளை?" என்று கேட்டார். எனக்கும் வாசிக்கத் தெரியாது.

அந்த உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். பிரச்சினை அவருக்கு மேலே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் எத்தனை பொலிஸார் இருக்க வேண்டும், அவர்களில் எத்தனை பேருக்குத் தமிழ் தெரிந்திருக்க வேண்டும் என்று யாழ்ப்பாணத்தில் யாரும் தீர்மானிப்பதில்லை. ஆட்சேர்ப்பும் இடமாற்றமும் கொழும்பில் நடக்கின்றன. பணம் திறைசேரியிலிருந்து வருகிறது. எங்கள் மாநகர சபை பொலிஸுக்கு ஒரு சதமும் கொடுப்பதில்லை. அதனால் கேள்வி கேட்கும் உரிமையும் அதற்கு இல்லை. லண்டனில் இருக்கும் எங்கள் உறவினர்கள் கட்டும் கவுன்சில் வரியில் ஒரு பங்கு பொலிஸுக்குப் போகிறது. இங்கே அப்படி எதுவும் இல்லை.

மாற்றுவழி சட்டத்தில் ஏற்கெனவே உண்டு. 1987இல் நிறைவேறிய 13ஆவது திருத்தம் ஒவ்வொரு மாகாணத்துக்கும் ஒரு பொலிஸ் பிரிவையும், ஆட்சேர்ப்புக்கு மூவர் கொண்ட மாகாணப் பொலிஸ் ஆணைக்குழுவையும் சொல்கிறது. மாகாணத்தின் பிரதிப் பொலிஸ்மா அதிபர், பொதுச்சேவை ஆணைக்குழு நியமிக்கும் ஒருவர், முதலமைச்சர் நியமிக்கும் ஒருவர் ஆகியோரே அந்த மூவர். எந்த அரசாங்கமும் இதை நடைமுறைப்படுத்தவில்லை. 2013இல் தெரிவான வடக்கு மாகாண சபையின் காலமும் 2018 ஒக்டோபரில் முடிந்துவிட்டது.

2011இல் நல்லிணக்க ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் இருமொழி தெரிந்தவர்கள் 24 மணிநேரமும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும். 2022 ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்த பிறகு அரச ஆட்சேர்ப்புகளே கட்டுப்படுத்தப்பட்டன.

ஆனால் பணம் மட்டும் காரணமல்ல. வேலை கொடுத்தாலும் எங்கள் பிள்ளைகளில் பலர் பொலிஸில் சேரத் தயங்குகிறார்கள். 1974 ஜனவரி 10இல் தமிழாராய்ச்சி மாநாட்டில் நடந்ததையும், 1981இல் நூலகம் எரிந்ததையும் வீடுகள் மறக்கவில்லை. பிறகு, பொலிஸில் இருந்த தமிழர்கள் இயக்கங்களால் கொல்லப்பட்டதும் நடந்தது. 2016 ஒக்டோபரில் குளப்பிட்டிச் சந்தியில் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டின் பின் இரண்டு பல்கலைக்கழக மாணவர்கள் இறந்தார்கள்.

அதற்கு ஒன்பது மாதங்களின் பின், 2017 ஜூலை 22இல், நல்லூரில் நீதிபதி இளஞ்செழியனின் பாதுகாப்புக்கு நின்ற சிங்கள சார்ஜன்ட் சரத் ஹேமச்சந்திர சூடுபட்டு, பின்னர் இறந்தார். நீதிபதி அவருடைய மனைவியின் முன் அழுததை ஊரே பார்த்தது. இந்த இரண்டு நினைவுகளும் எங்களிடம் ஒன்றாகத்தான் இருக்கின்றன. சீருடையை வெறுப்பதல்ல எங்கள் பிரச்சினை; அதை நம்ப முடியாமல் இருப்பதுதான்.

ஆளணி வரும்வரை கையில் இருக்கும் உரிமையைப் பயன்படுத்தலாம். 1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின் 109ஆவது பிரிவின்படி, வாய்மொழியாகச் சொல்லும் முறைப்பாட்டைச் சொன்ன மொழியிலேயே எழுதி வாசித்துக்காட்ட வேண்டும். உத்தியோகத்தரால் அந்த மொழியில் எழுத முடியாவிட்டால், நீங்களே எழுதித் தரும்படி கேட்க வேண்டும். அதுவும் முடியாவிட்டால், காரணத்தைப் பதிந்துவிட்டு வேறு மொழியில் எழுதி, உங்களுக்கு விளங்கும் மொழியில் சொல்ல வேண்டும். ஆகவே எழுதத் தெரிந்தவர்கள் தமிழில் எழுதிக்கொண்டே போங்கள். வாசித்துக்காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள்.

மறுநாள் அம்மாவுடன் திரும்பவும் போனேன். தமிழ் உத்தியோகத்தர் இருந்தார்; பொறுமையாக வாசித்துக்காட்டினார். இரண்டரைப் பவுண் சங்கிலி இரண்டு பவுண் என்று பதியப்பட்டிருந்தது. திருத்தினார்கள். சங்கிலி கிடைக்குமோ தெரியாது. கிடைத்தால், அது தன்னுடையதுதான் என்று அம்மாவால் இனி நீதிமன்றத்தில் சொல்ல முடியும்.