லாகோஸ் தாளம், நியூயார்க் பதற்றம்

ரமோன்ஸ் என்ற ராக் குழு 1975 ஜூனில் நியூயார்க்கின் சி.பி.ஜி.பி. கிளப்பில் வாசித்தபோது, அவர்களுக்கு முன்னால் மேடையேறியது மூன்றே பேர் கொண்ட ஒரு புதுக் குழு. பாட்டுக்கும் கிட்டாருக்கும் டேவிட் பைர்ன், டிரம்ஸுக்கு கிறிஸ் ஃபிரான்ட்ஸ், பேஸ் கிட்டாருக்கு டீனா வேமவுத். மூவரும் ரோட் ஐலண்ட் கலைக் கல்லூரியில் படித்தவர்கள். தோல் ஜாக்கெட்டும் கிழிந்த ஜீன்ஸுமாக நிறைந்திருந்த அந்த இடத்துக்கு இவர்கள் ஆபீஸ் போகிறவர்களைப் போல எளிய சட்டையில் வந்தார்கள். குழுவின் பெயர் டாக்கிங் ஹெட்ஸ். 1977இல் ஜெர்ரி ஹாரிசன் சேர்ந்தார்.

அதே ஆண்டு இன்னொருவரும் அறிமுகமானார். ஆங்கிலேய இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ. அவர் பைர்னுக்குப் போட்டுக் காட்டிய இசைத்தட்டு, நைஜீரியக் கலைஞர் ஃபெலா குட்டியின் ‘ஆஃப்ரோடிசியாக்’.

ஃபெலாவின் இசையை வெறும் ஆட்டப் பாட்டாக யாரும் கேட்டுவிட முடியாது. ராணுவத்தைச் சாடி அவர் 1976இல் ‘ஜாம்பி’யை வெளியிட்டார். 1977 பிப்ரவரியில் லாகோஸில் இருந்த அவருடைய வீட்டுக்குள் ராணுவத்தினர் புகுந்து அடித்து நொறுக்கித் தீ வைத்தார்கள். மாடி ஜன்னலிலிருந்து தூக்கி வீசப்பட்ட அவருடைய தாய் அடுத்த ஆண்டு இறந்துபோனார். நியூயார்க் இளைஞர்கள் வியந்து கேட்ட அந்தத் தாளத்துக்குப் பின்னால் இவ்வளவும் இருக்கிறது. அதை விட்டுவிட்டு டாக்கிங் ஹெட்ஸின் புகழை மட்டும் பேசுவது நியாயமில்லை.

1980 கோடையில் நால்வரும் ஈனோவும் பஹாமாஸ் தீவுகளின் நசாவ் நகரில் உள்ள காம்பஸ் பாயின்ட் ஸ்டூடியோவில் கூடினார்கள். அந்தத் தாளத்தின் பாதிப்பில் அங்கே உருவானதுதான் ‘ரிமெய்ன் இன் லைட்’ ஆல்பம். பாட்டு எழுதி, மெட்டமைத்து, பிறகு பதிவு செய்யும் வழக்கத்தை அவர்கள் தலைகீழாக்கினார்கள். முதலில் தாளம். ஆளுக்கொரு சின்னத் துணுக்கை எடுத்துக்கொண்டு மாற்றாமல் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ஒருவர் விட்ட இடைவெளியில் இன்னொருவர் அடி விழ வேண்டும். தப்பாட்டத்தில் ஒவ்வொரு பறையும் தன் அடியை மட்டும் அடிக்க, எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டமாகக் கேட்குமே, அந்த மாதிரி. துணுக்கை வெட்டிச் சுழலவிடும் சாம்ப்ளர் கருவிகள் பரவாத காலம் அது. நிமிடக்கணக்கில் கையால்தான் வாசித்தாக வேண்டும். ராக் பாட்டுக்கு உயிர் என்று கருதப்பட்ட கார்டு மாற்றங்கள் பல இடங்களில் இல்லவே இல்லை. ஒரே சுருதியில் ஒரு பாட்டு முழுக்க நின்றது. எந்தப் பகுதி எப்போது நுழைய வேண்டும், எப்போது விலக வேண்டும் என்பது மிக்ஸிங் மேஜையில் முடிவானது. வரிகள் கடைசியில்தான் வந்தன. ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ பாட்டுக்காக பைர்ன் வானொலியில் பிரசங்கம் செய்யும் அமெரிக்கப் பாதிரியார்களின் பேச்சு நடையை எடுத்துக்கொண்டார்.

இப்படி அடுக்கடுக்காகக் கட்டியதை நான்கு பேரால் மேடையில் வாசிக்க முடியாது. குழு ஒன்பது பேராகப் பெருகியது. ஃபங்க் இசையில் பெயர்பெற்ற பெர்னி வொரல் கீபோர்டில் அமர்ந்தார், டோலெட் மெக்டொனால்ட் பாடினார். வெள்ளையர் நால்வர் மட்டுமே இருந்த குழுவில் இப்போது கறுப்பினக் கலைஞர்களும் சரிசமமாக நின்றார்கள். 1980 ஆகஸ்டில் டொராண்டோ அருகே நடந்த ஹீட்வேவ் விழாவில் ரசிகர்கள் இந்தப் பெரிய குழுவை முதன்முதலாகப் பார்த்தார்கள்.

கடன் வாங்கியதை அவர்கள் மறைக்கவில்லை. ஆப்பிரிக்கத் தாளம் பற்றி ஜான் மில்லர் செர்னாஃப் எழுதிய நூல் உட்பட, தாங்கள் படித்த நூல்களின் பட்டியலையே ஆல்பத்தோடு பத்திரிகைகளுக்கு அனுப்பினார்கள். ராக் உலகில் இது அபூர்வமான நேர்மை. ஆனால் அதே நேர்மை வீட்டுக்குள் இல்லை. ஐந்து பேரின் பெயரும் தனித்தனியாக வரும் என்று பேசி வைத்திருந்தும், முதல் அச்சில் பைர்னும் ஈனோவும் பெயர் பெற, மற்றவர்கள் ‘டாக்கிங் ஹெட்ஸ்’ என்ற பொதுப் பெயருக்குள் அடங்கிப்போனார்கள். ஃபிரான்ட்ஸுக்கும் வேமவுத்துக்கும் அது ஆறாத மனக்குறை. கூட்டாக வாசித்தால்தான் நிற்கும் இசைக்கு இப்படிப் பெயர் போட்டது தவறுதான்.

பைர்ன் 1988இல் லுவாகா பாப் என்ற இசை நிறுவனத்தைத் தொடங்கிப் பிரேசில், கியூபா இசைத் தொகுப்புகளை வெளியிட்டார். 1992இல் அதில் வந்த ‘டான்ஸ் ராஜா டான்ஸ்’ தொகுப்பு நமக்குத் தெரிந்தவருடையது. ரஜினிகாந்தின் ‘நான் அடிமை இல்லை’ படத்துக்கு இசையமைத்த விஜய் ஆனந்தின் தென்னிந்திய சினிமாப் பாட்டுகள் நியூயார்க் கடைகளுக்குப் போய்ச் சேர்ந்த வழி இதுதான்.

1983இல் பெனினிலிருந்து பாரிஸுக்குக் குடியேறிய பாடகி ஆஞ்செலிக் கிட்ஜோ, ஒரு விருந்தில் ‘ஒன்ஸ் இன் எ லைஃப்டைம்’ கேட்டார். இதில் ஆப்பிரிக்கா இருக்கிறது என்று அவர் சொன்னதை அங்கிருந்தவர்கள் ஏற்கவில்லை. 2018இல் அவர் ‘ரிமெய்ன் இன் லைட்’டின் எட்டுப் பாட்டுகளையும் தன் குரலில் புதிதாகப் பதிவு செய்தார். அதில் டிரம்ஸ் வாசிக்க அழைத்தது, ஃபெலா குட்டியோடு சேர்ந்து ஆஃப்ரோபீட் தாளத்தை உருவாக்கிய டோனி ஆலனை.